பரிசு, தண்டனை, பேச்சு: ஆட்டிசக் குழந்தைகளும் வலுவூட்டலின் வரலாறும்

1

'அடியாத மாடு படியாது' என்கிறோம். 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்கிறோம். குழந்தையை மாட்டோடு சேர்த்துப் பேசுவதில் நமக்குக் கூச்சம் ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் இந்த வாசகங்களுக்கு ஆய்வுக்கூடம் கிடையாது, எண்ணிக்கை கிடையாது, வரைபடம் கிடையாது. 1960களின் அமெரிக்காவில் இவையெல்லாம் கிடைத்தன.

1965 மே 7 தேதியிட்ட 'லைஃப்' இதழில் ஒரு படக்கட்டுரை வெளியானது. அலறல், அறை, அன்பு என்ற பொருளில் தலைப்பு. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஐவர் லோவாஸ் என்கிற உளவியலாளர் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அளித்துவந்த சிகிச்சை பற்றியது. சொன்னபடி செய்தால் வாயில் ஒரு கவளம். செய்யாவிட்டால் அதட்டல், கன்னத்தில் அறை. தரையில் உலோகப் பட்டைகள் ஒட்டிய ஓர் அறையும் உண்டு. வெறுங்காலோடு நிற்கும் குழந்தைக்கு அதன்வழியே மின்னதிர்ச்சி தரலாம். அதே ஆண்டு லோவாஸும் உடன்பணியாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஐந்து வயது இரட்டையர் இருவருக்கு இப்படித்தான் 'கற்பித்தார்கள்'. பெரியவரை நோக்கி ஓடிவந்தால் அதிர்ச்சி நிற்கும். குழந்தைகள் ஓடிவரக் கற்றுக்கொண்டார்கள். கட்டியணைக்கவும் கற்றுக்கொண்டார்கள். அன்பு என்பது வலி நிற்கிற இடம் என்று ஆயிற்று.

இதைப் படித்ததும் நமக்குப் பதறுகிறது. 'அதிகாரம் உடலில் செயல்படும் விதத்திற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?' என்று கேட்டு, ஃபூக்கோவைத் துணைக்கழைத்து, இரண்டு பக்கத்தில் முடித்துவிடலாம். அவருடைய 'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நூலிலேயே, பரிசையும் தண்டனையையும் ஒரே இயந்திரத்தின் இரு பற்களாகப் பார்க்கும் பகுதி இருக்கிறது. ஆனால் அப்படி முடித்துவிடுவது நமக்கு வசதியே தவிர, அந்தக் குழந்தைகளுக்கு நியாயம் அல்ல. ஏனென்றால் இந்த ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டியவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். வேறு எந்தக் கதவும் திறக்காத பெற்றோர். அவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்பதிலிருந்துதான் இந்த வரலாற்றைத் தொடங்க வேண்டும்.

2

1943இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு, ஆட்டிசம் என்பது தனியொரு நிலையாக மருத்துவத்திற்குள் வந்தது. பிறவியிலேயே அமைந்தது என்று அந்தக் கட்டுரையில் ஊகித்த கானரே, 1949இல் பெற்றோரின் குளிர்ந்த மனத்தைப் பற்றி, உறைந்த குளிர்பதனப் பெட்டியை உவமையாக வைத்துப் பேசினார். அந்த உவமை தாய்மார்களின் தலையில் விழுந்தது. சிகாகோவில் பள்ளி நடத்திய புருனோ பெட்டல்ஹைம் அதை ஒரு கோட்பாடாகவே ஆக்கினார். டாக்காவிலும் பூகன்வால்டிலும் நாஜி முகாம்களில் அடைபட்டு மீண்டவர் அவர். முகாம் கைதி வெளியுலகிலிருந்து தன்னை இழுத்துக்கொள்வதையும் ஆட்டிசக் குழந்தை ஒதுங்கியிருப்பதையும் ஒப்பிட்டார். அவருடைய 'வெற்றுக் கோட்டை' 1967இல் வெளிவந்தது. குழந்தை கைதி என்றால் காவலர் யார்? தாய்! அதற்குச் சிகிச்சை? தாயிடமிருந்து பிரிப்பது. (பெட்டல்ஹைம் 1990இல் இறந்தபின், அவர் எங்களை அடித்தார் என்று அவருடைய பழைய மாணவர்கள் சிலர் எழுதினார்கள். அன்பின் பெயரால் நடந்த பள்ளியிலும் அடி இருந்தது.)

பள்ளிக் கட்டணம் செலுத்த வழியில்லாதவர்களுக்கு அரசு மனநல மருத்துவமனை. கலிஃபோர்னியாவில் கமாரியோ போன்ற மருத்துவமனைகள். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளும், தன் கையைத் தானே கடிக்கும் குழந்தைகளைக் கட்டிலோடு கட்டிப்போடுவதுதான் அங்கே சிகிச்சை. ஒருநாள் அல்ல, மாதக்கணக்கில்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற ஒரு தாயிடம் நடத்தைவாதிகள் சொன்னது இதுதான்: 'காரணம் எதுவாகவும் இருக்கட்டும். இப்போது இவன் செய்வதை மாற்ற முடியும். எப்படி என்று உங்களுக்கே கற்றுத் தருகிறோம்.' குற்றவாளிக் கூண்டில் நின்றவளை இறக்கி ஆசிரியை ஆக்கினார்கள். இதன் மதிப்பை நாம் குறைத்துப் பேசக்கூடாது. தன் மகனுக்கு ஆட்டிசம் இருந்ததால் அதைப் பற்றிப் படித்து, தாய்தான் காரணம் என்பதற்கு ஆதாரமே இல்லை என்று 1964இல் நூல் எழுதிய பெர்னார்ட் ரிம்லாண்ட், அடுத்த ஆண்டு பெற்றோர் சங்கத்தைத் தொடங்கியபோது லோவாஸின் பக்கம் நின்றது தற்செயல் அல்ல.

3

வலுவூட்டல் என்றால் என்ன? பி.எஃப். ஸ்கின்னர் 1930களில் எலிகளையும் பிறகு புறாக்களையும் கூண்டில் வைத்துக் கண்டது எளிமையானது. ஒரு செயலை அடுத்து வருவது எதுவோ, அதுவே அச்செயலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. நெம்பை அழுத்தியதும் தீனி வந்தால் எலி மேலும் அழுத்தும். இது நேர் வலுவூட்டல். அழுத்தியதும் தரையின் மின்சாரம் நின்றாலும் எலி மேலும் அழுத்தும். இது எதிர் வலுவூட்டல். இரண்டிலும் செயல் கூடுகிறது. எதிர் வலுவூட்டலைத் தண்டனை என்று நினைப்பது தவறு. தண்டனை செயலைக் குறைப்பது. இதுவரை வலுவூட்டி வந்ததை நிறுத்திவிட்டால் செயல் மெல்ல அவிந்துபோகும். அவியும் முன் விளக்குபோல ஒருதரம் ஓங்கியும் எரியும்.

ஸ்கின்னரோடு சேர்ந்து வேலை செய்த சார்லஸ் ஃபெர்ஸ்டர், 1960களின் தொடக்கத்தில் மரியன் டிமையரோடு இணைந்து, ஆட்டிசக் குழந்தைகளை ஒரு தானியங்கி அறைக்குள் விட்டுப் பார்த்தார். விசையை அழுத்தினால் காசு வரும், காசைப் போட்டால் தின்பண்டமோ பொம்மையோ வரும். 'இவர்களால் எதையும் கற்க முடியாது' என்று கைகழுவப்பட்ட குழந்தைகள் கற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், பெற்றோர் போதிய அளவு வலுவூட்டாததே காரணம் என்று ஃபெர்ஸ்டரும் கருதினார். தாய்மீதான குற்றச்சாட்டு மொழி மாற்றி மீண்டும் உள்ளே வந்தது.

1964இல் வெளியான ஒரு பதிவு இன்னும் முக்கியமானது. வாஷிங்டன் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் மூன்றரை வயதுச் சிறுவன். ஆவணங்களில் அவன் பெயர் 'டிக்கி'. கண்புரைக்காக விழிவில்லைகளை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும். அவனோ கண்ணாடியைத் தொடவிடமாட்டான். ஆத்திரம் வந்தால் ரத்தம் வரும்வரை தன்னையே காயப்படுத்திக்கொள்வான். உல்ஃப், ரிஸ்லி, மீஸ் ஆகிய மூவர் முதலில் வெறும் சட்டகத்தைக் கையில் எடுத்தால் பரிசு, பிறகு முகத்தருகே கொண்டுவந்தால் பரிசு என்று படிப்படியாகப் போனார்கள். மிட்டாய்க்கும் பழத்துக்கும் அவன் மசியவில்லை. காலை உணவையே வாய்வாயாகக் கூலியாக்கினார்கள். ஆத்திரப்பட்டால் தனியறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் அவன் ஒருநாளில் பன்னிரண்டு மணிநேரம் கண்ணாடி அணிந்தான். பார்வை தப்பியது. வீட்டுக்கும் போனான்.

'இதுல என்ன தப்பு?' என்று கேட்கலாம். லேசான கேள்வியில்லை. பார்வை போயிருக்கும், போகவில்லை. ஆனால் மிட்டாய் வேலை செய்யாதபோது பசியைப் பயன்படுத்தினார்கள் என்பதையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும். 'பரிசு' என்பதற்குப் பின்னால், அதற்குமுன் பறித்து வைத்துக்கொண்டது ஒன்று எப்போதும் இருக்கிறது. கொடுப்பவன் கையில் பூட்டு இருந்தால்தான் பரிசுக்கு மதிப்பு.

4

லோவாஸின் கூடத்திலிருந்து வந்த கண்டுபிடிப்புகளில் நம்மை அதிகம் சங்கடப்படுத்துவது மின்னதிர்ச்சி அல்ல, ஆறுதல் பற்றியது. தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் ஒன்பது வயதுச் சிறுமியிடம், 'நீ கெட்டவள் இல்லை' என்று பரிவோடு சொல்லச் சொல்ல, அவள் தாக்கிக்கொள்வது கூடியது (1965). குற்ற உணர்வுக்கு மருந்து பரிவு என்ற உளப்பகுப்பாய்வுக் கருத்து அங்கே தலைகீழானது. மனிதர் அருகே வருவதே அவளுக்குப் பரிசு; அடித்துக்கொண்டால்தான் மனிதர் வருவார்!

அப்படியானால் கவனத்தை நிறுத்திவிட்டால் போதுமே? 1969இல் வெளியான ஆய்வில் அதையும் செய்து பார்த்தார்கள். கட்டுகளை அவிழ்த்து, ஆளில்லாத அறையில் விட்டு, ஒவ்வோர் அடியையும் எண்ணினார்கள். அடிகள் குறைந்து நின்றன. நிற்பதற்குள் ஒரு சிறுவன் தன்னை ஆயிரக்கணக்கான தடவை அடித்துக்கொண்டான். மின்னதிர்ச்சியோ ஒருசில தடவையிலேயே நிறுத்தியது. ஆனால் அதிர்ச்சி கிடைத்த அறையில், கொடுத்த ஆளின் முன்னிலையில் மட்டும். இடமும் ஆளும் மாறினால் அடி திரும்ப வந்தது. குழந்தை கற்றது 'என்னை அடித்துக்கொள்ளக் கூடாது' என்பதை அல்ல. 'இந்த ஆள் முன்னால் கூடாது' என்பதை. காவல்துறையைத் தெரிந்த எவருக்கும் இது புதிதல்ல.

1973இல் இருபது குழந்தைகளின் பின்னிலையைப் பற்றி எழுதியபோது, பெற்றோரிடம் போனவர்கள் கற்றதைத் தக்கவைத்தார்கள், மருத்துவமனைக்குத் திரும்பியவர்கள் இழந்தார்கள் என்று லோவாஸே ஒப்புக்கொண்டார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவு: சின்ன வயதில் தொடங்க வேண்டும், வீட்டில் நடக்க வேண்டும், நாள் முழுக்க நடக்க வேண்டும். அதன் விளைவுதான் 1987இன் புகழ்பெற்ற ஆய்வு. வாரத்துக்கு நாற்பது மணிநேரம், இரண்டு ஆண்டுகளுக்கு மேல். பத்தொன்பது குழந்தைகளில் ஒன்பது பேர் 'இயல்பான' அறிவுத்திறனை எட்டி வழக்கமான முதல் வகுப்பில் தேறினார்கள் என்று அறிவித்தார். அதாவது 47 சதவீதம். ஒப்பீட்டுக் குழுக்களில் நாற்பது பேரில் ஒருவர். குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பது முதல் பல குறைகள் சுட்டிக்காட்டப்பட்டன. உரத்த 'கூடாது!' என்ற அதட்டலும் தொடையில் அறையும் அந்தச் சிகிச்சையில் சேர்த்தி என்பதைப் பலர் பேசவேயில்லை. 47 என்ற எண் மட்டும் நீதிமன்றங்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

'இயல்பு' என்ற அந்தச் சொல்லுக்கு இன்னொரு கிளைக்கதை உண்டு. 1974இல் ஜார்ஜ் ரெக்கர்ஸும் லோவாஸும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குழந்தைக்கு ஆட்டிசம் இல்லை. ஐந்து வயதுச் சிறுவன். 'பெண்தன்மை' அவனுடைய 'நோய்'. ஆண்பிள்ளைபோல விளையாடினால் நீல வில்லை, பெண்பிள்ளைபோல நடந்தால் சிவப்பு வில்லை. சிவப்பு சேர்ந்தால் அப்பாவின் அடி. ஆய்வு வெற்றி என்று பதிவானது. அந்தச் சிறுவன் வளர்ந்து 2003இல், 38ஆம் வயதில், தற்கொலை செய்துகொண்டான். கட்டுரையை வெளியிட்ட இதழ் 2020இல்தான் அதைப் பற்றித் தன் கவலையை அச்சிட்டது. வலுவூட்டல் என்ற கருவிக்கு, எதைத் திருத்தப் பயன்படுகிறோம் என்பது தெரியாது. கண்ணாடி அணிவிக்கவும் அதுவே. ஒருவனைத் தானில்லாமல் ஆக்கவும் அதுவே.

5

இனி நான் முக்கியமாகக் கருதும் பகுதி. இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் எதிராளிகளிடமிருந்து வரவில்லை; நடத்தைவாதத்தின் உள்ளிருந்தே வந்தது.

1976இல் எட்வர்ட் காரும் இருவரும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். 'இதைச் செய், அதைக் காட்டு' என்று கட்டளையிட்டால் தன்னை அடித்துக்கொள்வான். சும்மா பேசிக்கொண்டிருந்தால் அடிப்பதில்லை. கட்டளைகளையே கதைக்கு நடுவில் கலந்து சொன்னால் அடி குறைந்தது. பாடம் முடிந்ததற்கு அடையாளமாக 'சரி, போகலாம்' என்று சொன்னால் சட்டென்று நின்றது. அதாவது அவன் அடி, பாடத்திலிருந்து வெளியேறும் வழி. ஒவ்வொரு முறையும் அவன் அடித்துக்கொண்டதும் ஆசிரியர் பதறிப் பாடத்தை நிறுத்தினால், எதிர் வலுவூட்டல் நடக்கிறது. இங்கே யார் யாரைப் பழக்குகிறார்கள்?

1982இல் பால்டிமோரில் பிரையன் இவாட்டாவின் குழு ஒன்பது பேரை நான்கு நிலைமைகளில் மாற்றிமாற்றி வைத்துப் பார்த்தது: தனியாக, விளையாட்டில், கட்டளைக்கு நடுவில், அடித்துக்கொண்டால் மட்டும் கவனம் கிடைக்கும்படியாக. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்த செயல், ஒரு குழந்தைக்குக் கவனத்தைத் தந்தது, இன்னொன்றுக்கு விடுதலையைத் தந்தது, வேறொன்றுக்கு உடம்பின் உணர்வே போதுமானதாக இருந்தது. ஆகவே 'தலையில் அடித்துக்கொள்ளும் குழந்தைக்கு இதுதான் சிகிச்சை' என்று பொதுவாகச் சொல்வது அர்த்தமற்றுப் போனது. வேலை செய்ய மனமில்லாமல் அடித்துக்கொள்பவனைத் தனியறையில் விட்டால், அவன் கேட்டதையே கொடுத்ததாகும்!

1985இல் காரும் மார்க் டுராண்டும் அடுத்த அடியை வைத்தார்கள். நான்கு குழந்தைகள். பாடம் கடினமாகும்போது ரகளை செய்பவர்களுக்கு 'எனக்குப் புரியல' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். கவனம் குறையும்போது ரகளை செய்பவர்களுக்கு 'நான் நல்லா செய்றேனா?' என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். சொன்னதும் உதவியோ பாராட்டோ கிடைத்தது. ரகளை வெகுவாகக் குறைந்தது. வாக்கியத்தை மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது (உதவி வேண்டியவனுக்குப் பாராட்டுக் கேட்கும் வாக்கியம்) குறையவில்லை. அதாவது வெறுமனே பேசுவது போதாது. தனக்கு வேண்டியதைப் பேச வேண்டும்.

இதன் பொருள் என்ன? இருபது ஆண்டுகளாக 'பிரச்சினை நடத்தை' என்று பெயரிட்டு, எண்ணி, வரைபடம் போட்டு, அறைந்து, அதிர்ச்சி கொடுத்து அழித்துவந்தது ஒரு பேச்சை. 'வேணாம்', 'போதும்', 'வலிக்குது', 'இங்க வா' என்பவைதான் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தன. பேசத் தெரியாதவர்கள் என்று நாம் சொன்னவர்களிடம் பேச்சு இருந்தது. கேட்கத் தெரியாதவர்களாக நாம் இருந்தோம். இதைச் சொன்னது கவிஞர் அல்ல. புறாக்கூண்டிலிருந்து புறப்பட்ட அறிவியல் தன் சொந்த எண்ணிக்கையைக் கொண்டே இங்கே வந்து சேர்ந்தது.

6

ஆனால் கண்டுபிடிப்பு ஒன்று, நிறுவனம் வேறொன்று. ஸ்கின்னரின் மாணவர் மேத்யூ இஸ்ரேல் 1971இல் தொடங்கிய நிறுவனம் பிற்பாடு மாசசூசெட்ஸில் 'நீதிபதி ரோட்டன்பெர்க் மையம்' என்ற பெயரில் இயங்கிவந்தது. முதுகில் பையாக மாட்டிய கருவி மூலம் தோலில் மின்னதிர்ச்சி கொடுப்பது அங்கே வழக்கம். 2002இல் அங்கிருந்த ஓர் இளைஞனிடம் மேல்கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றவில்லை. பலகையில் கட்டிப்போடப்பட்டு, ஏழு மணிநேரத்தில் 31 அதிர்ச்சிகள். அதன் ஒளிப்பதிவை 2012இல் நீதிமன்றத்தில்தான் வெளியார் பார்த்தார்கள். 2013இல் சித்திரவதை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் இதைக் கண்டித்தார். 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கருவியைத் தடைசெய்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2024 மார்ச்சில் நிர்வாகம் மீண்டும் தடையை முன்மொழிந்தது. நடத்தைப் பகுப்பாய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் இந்த அதிர்ச்சியை எதிர்ப்பதாக அறிவித்தது 2022இல்தான். 'லைஃப்' படங்கள் வந்து 57 ஆண்டுகளுக்குப் பிறகு!

இன்று பெரும்பாலான இடங்களில் அறை இல்லை, அதிர்ச்சி இல்லை. மிட்டாயும் ஒட்டுப்படமும் கைத்தட்டலும் விளையாட்டும்தான். அந்தச் சிகிச்சைக்கு உள்ளாகி வளர்ந்தவர்கள் பேசத் தொடங்கியபிறகுதான், மீதமிருக்கும் கேள்வி வெளியே வந்தது. 1992இல் ஆட்டிசக்காரர்களே சேர்ந்து ஒரு வலையமைப்பை உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜிம் சின்க்ளேர் 1993இல் டொரன்டோ மாநாட்டில், எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று பெற்றோரை நோக்கிப் பேசினார். ஆட்டிசம் ஓர் ஓடு அல்ல, உள்ளே வேறொரு 'இயல்பான' குழந்தை ஒளிந்திருக்கவில்லை என்பது அவருடைய வாதம். 2011இல் ஜூலியா பாஸ்கம் 'கையை அடக்கு' என்ற கட்டளையைப் பற்றி எழுதினார். கையை உதறுவது யாருக்கும் காயம் தருவதில்லை. பதற்றத்தைத் தணித்துக்கொள்வதும் சந்தோஷத்தைச் சொல்வதும் அந்தக் கைகள்தான். அதைப் 'பிரச்சினை' என்று பட்டியலில் சேர்த்து, மிட்டாய் கொடுத்து நிறுத்தினாலும் பறிபோவது பேச்சுத்தான்.

தலையில் முட்டிக்கொள்வதையும் கையை உதறுவதையும் ஒரே பட்டியலில் வைத்ததுதான் இந்த வரலாற்றின் மையமான தவறு என்று நினைக்கிறேன். முதலாவது குழந்தையின் பிரச்சினை. இரண்டாவது பார்ப்பவரின் பிரச்சினை. தண்டனையா பரிசா என்ற விவாதம் இந்த வேறுபாட்டை மறைத்தே வந்திருக்கிறது. பட்டியலை எழுதுகிற பேனா யார் கையில் என்பதைக் கேட்காமல், கருவி மென்மையாகிவிட்டது என்று சமாதானம் கொள்ள முடியாது.

இந்த முறை இன்று நம் நகரங்களின் சிகிச்சை மையங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றிருக்கின்றன. சட்டத்தில் பெயர் ஏறிய குழந்தை அறைக்குள் எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பெற்றோரும் நாமும்தான் கேட்டாக வேண்டும். கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. இந்தச் செயல் யாருக்குக் காயம் தருகிறது? இதைக் கொண்டு குழந்தை எதைச் சொல்கிறது? அதைச் சொல்ல வேறு வழி கற்றுக்கொடுத்தாயிற்றா? பரிசாகக் கொடுப்பதை எங்கிருந்து பறித்தீர்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, 'வேணாம்' என்று அந்தக் குழந்தை சொன்னால், கையாலோ படத்தாலோ வாயாலோ சொன்னால், அந்த அறையில் பாடம் நிற்குமா?

'நிற்காது, நின்றால் அடம் கூடிவிடும்' என்று பதில் வரலாம். 1985ஆம் ஆண்டின் அந்த நான்கு குழந்தைகள் வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது கேட்கப்பட்டபோதுதான் அவர்களுடைய ரகளை குறைந்தது.